கையெழுத்து இல்லாத ஃபைல்

மகனே,

இதைக் கையால் எழுதுகிறேன். பேனா பிடிக்க மூன்று விரல் போதும், அது என்னிடம் நன்றாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் நான் அடித்ததுதான் திரையில் வருகிறதா, இல்லை எனக்குத் தெரியாமல் யாரோ நடுவில் உட்கார்ந்து திருத்தித் தருகிறார்களா என்ற சந்தேகம் வந்துவிட்ட பிறகு அந்தக் கீபோர்டைத் தொடவே யோசனையாக இருக்கிறது. இந்தத் தாளில் எழுத்து கோணலாக இருந்தால் அது என் கோணல். அடித்துத் திருத்தியிருந்தால் அதுவும் நானே திருத்தியது. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை. முதலில் உன் அத்தா படிப்பார். பிறகு ராஜபாளையத்துக்குப் போகும். உனக்கு நிச்சயம் செய்திருக்கிற ரிஸ்வானா படிப்பாள், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். கடைசியாகத்தான் பெங்களூருக்கு, உன் கைக்கு வரும். ஒளித்துச் செய்தது எல்லாம் போதும்.

உன் அம்மா சந்தேகக்காரி என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பால்கோவா வாங்கினால் காலி டப்பாவை முதலில் நிறுக்கச் சொல்வேன். கடையைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். உன் அத்தா ஓரமாக நின்று, "பூட்டு என்ன சொல்லுது?" என்று கேட்பார். அவர் எல்லாரையும் நம்புகிறவர். முன்பின் தெரியாதவன் வந்து வண்டியைக் கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தும் சொல்வார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. போகப்போக, வீட்டில் ஒருவர் நம்பினால் இன்னொருவர் சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அச்சு வேலையும் நம்புகிற வேலையும் அவருக்கு, டைப் அடிக்கிற வேலையும் சந்தேகப்படுகிற வேலையும் எனக்கு.

நம் கடையில் கல்யாணக் கார்டோ திருவிழா நோட்டீஸோ எதுவாக இருந்தாலும், சரிபார்க்கக் கொடுக்கிற புரூஃபில் வந்தவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. அது எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு குடும்பம் காதுகுத்துக் கார்டு அடிக்க வந்தது. கார்டில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. மாமன் முறுக்கிக்கொண்டு வரவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? விசேஷம் அப்படியே நின்று, மொத்தக் கூட்டமும் வேன் பிடித்து நம் கடை வாசலில் வந்து இறங்கியது. அவர்கள் எழுதிக் கொடுத்ததிலேயே அந்தப் பெயர் இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான். என் கூடப் பிறந்த அண்ணன் புதுவீட்டுக் கார்டு அடிக்க வந்தபோது, "ஏட்டி, எங்கிட்டயேவா?" என்று கேட்டார். நான் பேனாவை நீட்டினேன். முனகிக்கொண்டே போட்டார். நீ அந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை. கையெழுத்து என்றால் என்ன என்று உனக்கு நான் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

நீ கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பேப்பர் வெட்டுகிற மெஷினில் என் வலது கை மாட்டியது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் டாக்டர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார், ஆனால் இரண்டும் மடங்காது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். கட்டு அவிழ்த்து வந்து உட்கார்ந்து அடித்தால், ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுகிறது. அதை அழித்து மறுபடி அடித்தால் ஒன்றே இரண்டாக விழுகிறது. பேப்பர் கட்டு அடுக்கியிருக்கிற உள் அறைக்குப் போய் அழுதேன். நீ தினமும் காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்து, புராஜெக்ட் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வாய். "விட்றாதீங்கம்மா, அடிச்சுக்கிட்டே இருங்க, பழகிரும்" என்பாய். கொஞ்ச நாளில் அப்படியே பழகியும் விட்டது. பழைய வேகம் வந்தது. தப்பு குறைந்தது. எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய்?

வ. புதுப்பட்டியிலிருந்து வருகிற ஒரு பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த வெரல வச்சுக்கிட்டா தாயி இம்புட்டு வெரசா அடிக்க?" என்று கேட்பார். "எல்லாம் பழக்கம்தான் அண்ணாச்சி" என்று அலட்டாமல் சொல்வேன், உள்ளுக்குள் அலட்டிக்கொள்வேன். பக்கத்துக் கடைக்காரர் மகள் பரீட்சையில் தோற்று அழுதபோது என் விரலை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரு பிரசங்கமே செய்தேன். எதையும் சந்தேகப்படுகிற நான், என் விரல் சரியாகிவிட்டது என்பதை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

உன்னைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. உன் அத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, ஆபரேஷன் என்றால் வரமாட்டார் என்று, மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் கண் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவன் நீ. அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெங்களூரிலிருந்து ஊருக்கு வருவதைக்கூட ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா? கதவைத் தட்டாமல் வந்து அடுப்படியில் நிற்பாய். நான் அலறினால் சிரிப்பாய். நல்லது செய்கிறேன், சந்தோஷப்படுத்துகிறேன் என்பது உன் கணக்கு. எதிரில் இருக்கிறவரைக் கேட்டுச் செய்வது மட்டும் உன் கணக்கில் வராது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ இதைக் கேட்டதில்லை. சில மாதமாகவே கடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்துகொண்டிருந்தது. அணைக்கப் போனால் அப்டேட் என்று வட்டம் சுற்றும். பாதி தூரம் போகும். பிறகு, முடியவில்லை, பழையபடியே ஆக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பும். மறுநாளும் அதே கூத்து. போனில் உன்னிடம் சொன்னேன். நான் வழக்கமாக எதைப் பற்றிப் புலம்பினாலும் உம் கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறவன் நீ. அன்றைக்கு மட்டும் உன் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அம்மா, அதத் தொடாதீங்க. ரிப்பேருக்கு யாரையும் கூப்பிடாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். பெங்களூரில் இருந்துகொண்டு இவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். என் முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

அடுத்த வாரம் ரிஸ்வானா கடைக்கு வந்தாள். உங்கள் கல்யாணக் கார்டுக்கு மாதிரி பார்க்க வந்ததாகச் சொன்னாள். ராஜபாளையத்தில் மில் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பெண், வேலை நாளில் லீவு போட்டுவிட்டுக் கார்டு பார்க்க வருவாளா என்று ஒரு கேள்வி. மாதிரி ஆல்பத்தை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு மூடி வைத்தாளே என்று இன்னொரு கேள்வி. நான் மதியத் தொழுகைக்கு உள் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினால், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவ். திரை முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னட்டி செய்யுத?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமி. ஒரு டிசைன் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே பென்டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கல்யாணக் கார்டில் எந்த டிசைன் கறுப்பில் வெள்ளையாக ஓடுகிறது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவள் தெருமுனை திரும்புகிற வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. ஒரு எழுத்து அடித்தால் இரண்டு விழும், சில நேரம் சரியாக விழும், மறுபடி இரண்டு விழும். திருவிழா நோட்டீஸ் புரூஃப் ஒன்று முழுக்கச் சிவப்பு மையாகத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர், "உடம்புக்கு என்னமும் செய்யுதாக்கா?" என்று விசாரித்தார். உன் பேச்சைத் தட்டிவிட்டு ராஜபாளையத்திலிருந்து மாரிமுத்துவை வரச் சொன்னேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன். அவனும் எதையும் சட்டென்று நம்பாத ஆள் என்பதால் எனக்கு அவனைப் பிடிக்கும்.

அவன் ஏதோ ஒரு சோதனையை ஓட விட்டுவிட்டு எனக்கு விளக்கினான். "உள்ள இருக்க ஒவ்வொரு முக்கியமான ஃபைலுக்கும் அதச் செஞ்சவுக ஒரு கையெழுத்துப் போட்டிருப்பாகக்கா. யார் செஞ்சது, பொறவு யாரும் கை வச்சாகளான்னு கம்ப்யூட்டரு அத வச்சுத்தான் கண்டுபிடிக்கும். கையெழுத்து இல்லேன்னா அப்டேட்டு மொரண்டு பிடிக்கலாம்." இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் செய்ததிலேயே ஒழுங்கான காரியம் இதுதான் என்று தோன்றியது. கையெழுத்து இல்லாதவற்றை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பழைய பிரிண்டருக்கு உரியது ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, அதெல்லாம் வயதானவை, தொந்தரவு இல்லை என்று தள்ளினான். ஒன்றில் மட்டும் நின்றுவிட்டான். செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இது கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல உக்காந்திருக்குக்கா. நீங்க அடிக்கிறது அம்புட்டும் இது வழியாத்தான் போவுது."

"வேவு பாக்குதா?"

"பாக்கலாம். நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இத உள்ள விடுததுக்காகவே கையெழுத்துச் சோதனையத் தளத்தி வச்சிருக்காக. அது பழைய வேலை. வீட்டுத் தாழ்ப்பாள எடுத்து வச்ச மாதிரிதான். ஃபைல்ல கை வச்சது மட்டும் சமீபத்துல." அந்த நாளைப் பார்த்துச் சொன்னான். ரிஸ்வானா வந்துபோன நாள்.

வேலையை எல்லாம் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு நாளைக்கு வந்து அதை எடுத்துவிடுகிறேன், அதுவரை யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். என் வாய் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ரிஸ்வானா அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கடையில் ஆள் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, "ஏட்டி, எங்க கம்ப்யூட்டர்ல என்னத்தக் கொண்டாந்து போட்ட? எங்க கடையில திருடிட்டுப் போவ என்ன இருக்கு? அந்தப் பென்டிரைவ எடு பாப்போம்" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பென்டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவள் அம்மா எழுந்து மகள் கையைப் பிடித்து, "வா, போவோம்" என்று இழுத்துக்கொண்டு படி இறங்கினார். உன் அத்தா பின்னாலேயே ஓடிப்போய் ஏதோ சொன்னார். அவர்கள் நிற்கவில்லை. இரவு சம்பந்தி போன் செய்தார். அவர் கோபப்படவில்லை. "கார்டு இப்ப அடிக்க வேண்டாம். செத்தப் பொறுங்க" என்று மட்டும் சொன்னார். கார்டு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கார்டு அடிக்கிறவளுக்குத் தெரியாதா?

உடனே உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேவு பார்க்கிற ஃபைல், கறுப்புத் திரை, பென்டிரைவ் எல்லாம். நீ முழுக்கக் கேட்டுக்கொண்டாய். பிறகு, "அவ அப்படிப்பட்டவ இல்லம்மா, விடுங்க. நான் பேசிக்கிடுதேன்" என்றாய். அவ்வளவுதான். அந்த ஃபைல் யாருடையது என்று உனக்குத் தெரியும். அவளை யார் அனுப்பியது என்று தெரியும். என் வாயால் ஒரு பெண் திருடி ஆகிவிட்டாள் என்று நானே சொல்கிறேன், நீ விடுங்க என்கிறாய். இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மறுநாள் மாரிமுத்து வந்து அந்த ஃபைலை வெளியே எடுத்தான். தளர்த்தி வைத்திருந்த சோதனையையும் இறுக்கினான். இத்தனை நாள் சண்டித்தனம் செய்த அப்டேட் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன் அத்தா பெயரை அடித்தேன். குப்பையாக விழுந்தது. மறுபடி அடித்தேன். அதைவிட மோசம். "என்னத்தல கெடுத்து வச்ச?" என்று மாரிமுத்துவைக் கேட்டேன். அவன் குனிந்து அதே பெயரைத் தன் விரலால் அடித்தான். பளிச்சென்று விழுந்தது. "கீபோர்டு நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

உன் அத்தா பேப்பர் கட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கட்டை இறக்கி வைக்காமலே, "நம்ம பயதான் போட்டான்" என்றார். "அப்போ நீ அழுதேல்லா. ரெண்டு எழுத்துச் சேந்து விழுந்தா ஒண்ண முழுங்கிரும், ஒண்ணு ரெண்டா விழுந்தா ஒண்ணாக்கிரும்னு சொன்னான். உனக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போவும்னு சொல்ல வேண்டாம்னான். நானும் சரின்னுட்டேன். அந்தப் புள்ளைய இதுக்காகத்தான் அனுப்பினான்கிறது மட்டும் சத்தியமா எனக்குத் தெரியாது. ஃபைலு அந்த ஃபைலுதான்னு இந்தச் செத்த நேரத்துக்கு முன்னதான் எனக்கே வெளங்குச்சு." எல்லாரையும் நம்புகிற மனிதர் எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஒரு ரகசியத்தைக் காத்திருக்கிறார். யாரை நம்புவது என்று நீயே சொல்.

அழுகை வந்தது. கோபமும் வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன், அடித்த கையோடு கட்டிக்கொண்டும் இருப்பேன். காலேஜ் படிக்கிற வயதில் அம்மாவுக்காக ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? அது எனக்குத் தெரிகிறது. ஆனால் என் விரல் பழகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தப் பேச்சை நான் இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பக்கத்துக் கடைப் பெண்ணிடம் என்ன சொல்வேன்? நீ எனக்கு வேகத்தைக் கொடுத்தாய். என் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டாய். சொல்லியிருந்தால் முதலில் மனது ஒடிந்துதான் போயிருக்கும். பிறகு, என் மகன் செய்துகொடுத்தது என்று அதையும் நான்தானே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்?

அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். உன் அத்தா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரிஸ்வானா வேலையிலிருந்து வருகிற வரை உட்கார்ந்திருந்தேன். வந்ததும், அவள் அம்மா அத்தா முன்னாலேயே, "நான் சொன்னது தப்பு. நாலு பேர் முன்னால சொன்னேன், அதே நாலு பேர்ட்டயும் போயித் தப்புன்னு சொல்லுதேன்" என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டதுல என்ன தப்பு மாமி? என் மேசையில ஒருத்தர் அப்படி உக்காந்திருந்தா நானும்தான் கேப்பேன். அப்டேட்டுக்குத் தோதா அந்த ஃபைல மாத்தத்தான் உங்க மகன் என்னைய அனுப்புனாவ. அவசரத்துல பாதியில புடுங்கிட்டுப் போனதுனாலதான் எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா விழுந்திருக்கும். அத முடிச்சு வைக்கத்தான் ரெண்டாந்தரம் வந்தேன்."

"அப்போ ஏன்ட்டி வாயத் தொறக்கல?"

"சொல்லக்கூடாதுன்னு அவிய சொல்லியிருந்தாவ. சொன்னா நீங்க அதுக்குப் பொறவு டைப் அடிக்கவே உக்கார மாட்டீங்கன்னு சொன்னாவ."

"திருட்டுப் பட்டம் கட்டுனேனே, அப்பவுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப நான் சொல்லுதது சரியில்ல மாமி. அவிய சொல்லணும். நீங்க ராத்திரி அவியட்ட பேசுவீங்கன்னு தெரியும். விடியுததுக்குள்ள உங்ககிட்ட சொல்லிருவாவன்னு இருந்தேன். விடிஞ்சிருச்சு."

உன் மேல் கோபம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் அத்தா மட்டும், "புள்ள மனசு எப்படியோ அப்படித்தான் எங்களுக்கும்" என்று சொல்லி எழுந்து உள்ளே போனார். நானும் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை அவள் தானாகவே கடைக்கு வந்தாள். ஏன் வந்தாள் என்று சந்தேகமாகத்தான் பார்த்தேன், அதை அவளும் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "கார்டு அடிப்போம் மாமி. அந்த ஃபைல் இல்லாம அடிங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். அடித்தேன். கல்யாணக் கார்டு ஒன்றுக்கு இவ்வளவு நேரம் நான் என் ஆயுளில் எடுத்ததில்லை. தப்பு விழுந்ததை நானே பார்த்து அழித்து அடித்தேன். அவள் கை மடியிலேயே இருந்தது. நான் கேட்ட இரண்டு இடத்தில் மட்டும் வாயைத் திறந்தாள். முடித்து எழுந்தபோது விரல் விண்விண்ணென்று வலித்தது. என்னுடைய வலி என்று தெரிந்து பட்ட வலி என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

"இத இப்படியே விட வேண்டாம் மாமி. அவிய செஞ்சது நல்ல புரோகிராம்தான்" என்றாள். "கம்ப்யூட்டரோட அடிமடியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சதுதான் வம்பு. அதுக்காக எந்தச் சோதனையையும் தளத்த வேண்டியதில்ல. வெளிய வச்சே ஓட்டலாம். ஸ்கிரீன் ஓரத்துல பேரோட தெரியும். நீங்க வேணும்னா போட்டுக்கிடலாம், வேண்டாம்னா நிப்பாட்டிக்கிடலாம்." நீயே போட்டுக் கொடு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "அவிய வந்து, உங்க முன்னால உக்காந்து, இது என்ன செய்யும்னு சொல்லிட்டுப் போடட்டும். செஞ்சவுக பேரையும் அவியளே போடட்டும்."

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கு அவளுக்கும் நீ இப்படித்தான் செய்வாய். வேலையில் ஒரு இக்கட்டு வந்தால் சொல்லமாட்டாய், அவள் வருத்தப்படுவாள் என்பாய். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு நல்லது செய்துவிட்டு, அவள் சிரிப்பதைத் தூரத்தில் நின்று ரசிப்பாய். செய்த நல்லதில் கையெழுத்துப் போட உனக்கு என்ன கூச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். கூச்சம் இல்லை, பயம். கையெழுத்துப் போட்டு நீட்டினால், வேண்டாம் என்று சொல்கிற உரிமை எதிரில் இருக்கிறவருக்கு வந்துவிடும். அந்த உரிமையைக் கொடுக்காமல் செய்கிற நல்லதற்காக நீ எதையெல்லாம் திறந்து போட வேண்டியிருக்கிறது பார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் கடையில், உன் ஒரு ஃபைலுக்காக இத்தனை வருஷம் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்திருக்கிறது. கடைசியில் அந்தத் திறந்த வாசலில் மாட்டிக்கொண்டு நின்றவள் ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்.

எனக்கு இனி எல்லாமே சந்தேகம்தான். போன நோன்புக்கு என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் போனில் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல் என்றாயே, அது நார்மல்தானா? ஆபீஸில் பரிசு கிடைத்தது என்று ஒரு மிக்ஸி அனுப்பினாயே, எந்த ஆபீஸில் மிக்ஸி பரிசு கொடுக்கிறார்கள்? உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? இதையெல்லாம் போனில் கேட்டால் விடுங்க என்பாய். அதனால் நேரில் வந்து பதில் சொல்.

கார்டு புரூஃப் என் மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மூன்று கையெழுத்து வேண்டும் என்று கோடு போட்டு வைத்தேன். அடித்தவள் என்று நான் போட்டுவிட்டேன். ரிஸ்வானா இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, அவள் கோட்டில் போடாமல் பேனாவை மூடி வைத்தாள். "அவிய போட்ட பொறவு போடுதேன் மாமி" என்றாள். நான் யாரிடமும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்குகிறவள், அவளிடம் பேனாவை நீட்டவில்லை. கார்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது. அது அச்சில் ஏற வேண்டுமா என்பது இனி உன் கையில்.

லீவு போடு, வா. முதலில் ராஜபாளையத்தில் இறங்கி அவளிடம் பேசு. பிறகு இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். உன் ஃபைலை நீயே கையெழுத்துப் போட்டு என் கையில் கொடு, வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

வரும்போது சொல்லிவிட்டு வா.

உன் அம்மா